வெள்ளிக்கண்ணன் கோபுரத்தில் நிற்கிறான்

1938 மார்ச்சு 2, புதன்

சிட்டு, இன்றைக்கு மழை இல்லை. பனி மட்டும். விடியலில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது முன்னால் நடப்பவளின் கூடைகூடத் தெரியவில்லை.

சாம்பல் புதன். சாமியார் இந்தப் பக்கம் வரவில்லை. அடுப்புச் சாம்பலைத் தொட்டு நானே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா பாக்கியம் பார்த்துவிட்டாள். "என்னாக்கா, திருநீறு பூச ஆரம்பிச்சிட்டியா? சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே." உன்னை மண்ணில் வைத்த பிறகு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. வந்ததும் பயமாகிவிட்டது.

கொழுந்து குறைவு. முட்டி வலி. இடுப்பில் கட்டும் படங்கு கிழிந்துவிட்டது, தைக்க வேண்டும்.

சாயங்காலம் கங்காணி லயத்துக்கு வந்தார். காய்ச்சல் கண்ட காம்பராக்களுக்கு எல்லாம் சுண்ணாம்பு அடிக்கப் போகிறார்களாம். மருந்துக்காரர் ஐயா சொல்லிவிட்டாராம். நமக்கு அடுத்த வியாழன். சுவரில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கக் கூடாது. காகிதத்துக்குப் பின்னால்தான் பூச்சி குடியிருக்கிறதாம்.

சொல்லிவிட்டு நம் சுவரில் நீ ஒட்டிய படங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "யாரு இவன்?" என்றார். வெள்ளிக்கண்ணன் என்றேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். புழுக்கத்தில் அவிழ்த்தாரோ, மரியாதைக்கோ. பனி நாளில் என்ன புழுக்கம்.

மார்ச்சு 3, வியாழன்

பனி விலகி வெயில். கை முழுக்கக் கொழுந்துக் கறை.

நாள் முழுக்கச் சுவர் நினைப்புத்தான்.

எல்லாக் காம்பராவிலும் காகிதம் ஒட்டுவார்கள். புகைக்கும் குளிர் காற்றுக்கும். கிடைத்ததைத் தலைகீழாக ஒட்டுவார்கள். பாக்கியம் வீட்டில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா தலைகீழாகவே நிற்கிறார், வருசக்கணக்காக. நீ மட்டும்தான் வாசலில் தொடங்கி அடுப்பு வரைக்கும் வரிசையாக ஒட்டினாய்.

பங்களாப் பிள்ளைகளுக்குச் சீமையில் இருந்து வாராவாரம் கப்பலில் வரும் படப் பேப்பர். அவர்கள் பார்த்து எறிந்த பிறகு, அங்கே வேலைக்கு நின்ற உனக்கு ஆயா தருவாள். சனிக்கிழமை உனக்கு அரை நாள் லீவு. நான் மலையில் இருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வருவதற்குள் நீ ஒட்டி முடித்திருப்பாய். கோதுமை மாவுப் பசை, அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம், கரப்பான் அரிக்காமல் இருக்க. சுவர் ஈரமாக இருக்கும். கூடையை இறக்கும் முன்பே கேட்பேன், இந்தக் கிழமை அவன் என்ன செய்தான் என்று.

"கதை ரெண்டு பக்கமும் ஓடுதும்மா. ஒரு பக்கந்தான் வெளிய தெரியும். மத்தத நான் வாயால சொல்றேன்."

அப்படித்தான் ஒரு வருசம் ஓடியது. சுவரில் பாதி, உன் வாயில் பாதி.

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். வெள்ளிக்கண்ணனைப் பற்றி:

இடது கண் வெள்ளி. அதைத் திறந்து பார்த்தால் எதிரில் நிற்கிறவன் தன் பேரையே மறந்துவிடுவான்.

கறுப்புக் கோட்டு. எதில் விழுந்தாலும் சுருங்காது.

ஒரு தேசத்து மழை முழுவதையும் திருடி மலைக்கு அடியில் தொட்டி கட்டி அடைத்து வைத்தவன். ராசாமார் சொம்பு ஏந்திக்கொண்டு அவன் வாசலில் நின்றார்கள்.

அந்த மலைக்குள் அவன் அரண்மனை. ஒரே வரிசையில் பன்னிரண்டு கதவு.

தேத்தண்ணிக்குச் சீனி போட மாட்டான். கருப்பட்டி கடித்துக்கொண்டு குடிப்பான்.

பீரங்கிக்குப் பயம் இல்லை. அட்டைக்கு மட்டும் பயம். (சீமையிலும் அட்டை இருக்கிறது போல.)

அவனுக்கு ஒரு தாய். மகன் தூரத்து ஊரில் கிளாக்கர் வேலை பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கிழமைக்கு ஒரு தடவை வெள்ளிக்கண்ணைத் துணியால் மூடிக்கொண்டு அவளைப் பார்க்க வருவான். கண்ணில் என்னடா என்பாள். தூசி என்பான்.

தாய் படத்தில் இல்லை. அவள் பின்பக்கத்தில்.

மார்ச்சு 4, வெள்ளி

இறைச்சி இல்லாத நாள். இருந்தால்தானே. கீரை.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை இன்றைக்கும் தராசுத் தட்டை விரலால் தொட்டார். எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் வேறு பக்கம் பார்த்தோம். அப்போது நினைத்தேன், என் ஆயுசில் நான் பார்த்த கெட்டவர்கள் எல்லாம் இவ்வளவுதான். விரல் அளவு. ஒரு பிடி கொழுந்துக்கு, ஒரு கொத்து அரிசிக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பூசணிக்காய்க்குக் கெட்டவர்கள். வெள்ளிக்கண்ணன் பிடி கொழுந்தைத் தொட மாட்டான். எடுத்தால் மலையோடு எடுப்பான். எடுத்துவிட்டு ஒளியவும் மாட்டான். நான்தான் எடுத்தேன் என்று ஆகாயத்தில் புகையால் எழுதுவான். அந்தப் படத்தைப் பார்க்கும்போது கெட்டது என்று தெரிந்தும் மேலெல்லாம் புல்லரிக்கும். கோயிலில் மணி அடிக்கும்போது வருவது போல. இதைச் சாமியாரிடம் சொல்ல முடியாது.

அவனைப் பிடிக்க வருகிற நல்லவன் ஒருத்தன் இருக்கிறானே, மஞ்சள் தலைமயிர். அவனை ஞாபகம் வைக்கவே என்னால் முடியவில்லை. அவனுக்கு என்று ஒரு வேலையும் இல்லை. வெள்ளிக்கண்ணன் எழுந்தால்தான் அவனும் எழுவான். வெள்ளிக்கண்ணன் தூங்கினால் அவனும் தூங்க வேண்டியதுதான்.

ஒரு நாள் உன்னிடம் கேட்டேன். நல்லவனைத் தூணில் கட்டிப் போட்டுவிட்டு, கொல்லாமல், இன்னது செய்யப் போகிறேன் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே நிற்கிறானே, இவ்வளவு புத்திசாலிக்கு அது தெரியாதா என்று. நீ பசைக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சொன்னாய்:

"பேசறதுக்கு அவனுக்கு வேற ஆள் இல்லம்மா. கட்டிப் போட்டாத்தான் ஒருத்தன் நின்னு கேப்பான்."

அப்போது சிரித்தேன். இப்போது நான் யாரைக் கட்டிப் போட்டு வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

மார்ச்சு 6, ஞாயிறு

விடியுமுன் பஸ். தெல்தெனியா வரைக்கும் நின்றுகொண்டே. கண்டியில் நல்ல வெயில், குளத்தங்கரையில் நல்ல கூட்டம்.

உன் முப்பதாம் நாள் பூசை. சாமியார் திரேசம்மா என்று ஞானஸ்நானப் பேரைச் சொன்னார். யாருக்கோ பூசை நடக்கிறது என்று ஒரு நொடி இருந்துவிட்டேன்.

வாங்க வேண்டியது: உப்பு, மெழுகுதிரி, காய்ச்சல் கசாயத்துக்குக் கொத்தமல்லி. (இனிக் கொத்தமல்லி எதற்கு என்று கடை வாசலில்தான் நினைவு வந்தது. ஆனாலும் வாங்கினேன்.)

மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய பேப்பர் கடை முஸ்லிம் நானா. பங்களாப் பேப்பரை எல்லாம் வாங்கிச் சுருள் சுற்றுகிற கடைகளுக்கு விற்பவர். போன வருசம் நீதான் கூட்டிப்போய்க் காட்டினாய். தயங்கித்தான் கேட்டேன். ஒரு கண் வெள்ளியாக, கறுப்புக் கோட்டு என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"அவனா தங்கச்சி? எங்கட வீட்டிலயும் அவனுக்குத்தான் மதிப்பு. நல்லவன்ட பேர் ஒரு புள்ளைக்கும் தெரியா."

கட்டு அவிழ்த்துத் தேடித் தந்தார். கோபுரத்துக்கு அடுத்த கிழமைப் பேப்பர்.

கோபுரத்தைப் பற்றி எழுத விட்டுவிட்டேன். நீ கடைசியாக ஒட்டியது அதுதான், அடுப்புக்கு மேலே. வெள்ளிக்கண்ணன் கோபுரத்தின் உச்சியில் நிற்கிறான். கீழே தீ. பின்னால் கடல். கதவை மஞ்சள் தலைக்காரன் வெளியே பூட்டிவிட்டான். எதிரில் ஆள் இல்லாததால் கண்ணும் பலிக்காது. அன்றைக்கு உனக்குத் தலைவலி. மீதியை அடுத்த சனி சொல்றேம்மா என்று படுத்துவிட்டாய். செவ்வாய்க்கிழமை பங்களாவில் இருந்து உன்னைக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். உன்னைப் பேச வைக்க வேண்டும் என்று நானே கேட்டேன், எப்படிடி தப்பினான் என்று. கண்ணைத் திறக்காமல், சனிக்கிழமை என்றாய். சனிக்கிழமைக்கு நீ இல்லை.

நானா தந்த பேப்பரில் முதல் படத்திலேயே அவன் உயிரோடு நிற்கிறான். புது அறை. கோட்டில் தூசி தட்டுகிறான். அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மலையில் இருந்து விழுந்தான், வந்தான். சுறா வாயில் போனான், வந்தான். இப்போது தீயில் இருந்தும் வந்துவிட்டான். இது என்ன பிறவி, ஆண்டவரே. தூசிதான் தட்டுகிறான், ஏதோ மாவு மில்லுக்குப் போய் வந்தவன் மாதிரி.

எப்படித் தப்பினான் என்று போட்டிருக்கிறதா என்று கேட்டேன். நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் பார்த்தார். "'இவன் தப்பிட்டான்' எண்டு மட்டும் போட்டீக்கு. எப்பிடி எண்டு இல்ல."

படத்தில் பேசுகிறானே, அது என்ன என்றேன்.

"வேலைக்காரனுக்குச் சொல்லுறான், 'கதவைப் பூட்டு' எண்டு. அவன் சொல்லுறான், 'சரி துரை.'"

"அவ்வளவுதானா நானா?"

"அவ்வளவுதான் தங்கச்சி."

நீ இருந்திருந்தால், கதவைப் பூட்டு, உலகம் வெளியே நிற்கட்டும், நான் கூப்பிடும்போது வரட்டும் என்று சொல்லியிருப்பான். நானாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவு போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

கருப்பட்டி கடித்துத் தேத்தண்ணி குடிப்பானே, அந்தப் படம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்புறம் அந்தப் பேப்பரில்தான் கொத்தமல்லியைச் சுற்றித் தந்தார், சும்மா.

திரும்பும்போது பஸ்ஸில் தெரிந்துவிட்டது. தப்பியது எப்படி என்பது கோபுரப் பேப்பரின் பின்பக்கத்தில் இருக்கிறது. சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற பக்கம்.

மார்ச்சு 8, செவ்வாய்

தூறல். அட்டை இரண்டு கடித்தது, ஒன்று கழுத்தில்.

பாக்கியம் சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வெள்ளிக்கண்ணனைக் கண்டால் ஆகாது. இன்றைக்கு வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"இந்த மூஞ்சிய வெச்சிருக்கிற வூட்டுல காய்ச்ச வராம என்னா வரும்? அவன்தான் புள்ளையப் பாத்துட்டான். நீ கிழிச்சு அடுப்புல போடு."

எனக்கும் அந்த நினைப்பு வந்தது உண்டு. உனக்குக் காய்ச்சல் ஏறியபோது, சவேரியாரைக் கூப்பிட்டேன், மாதாவைக் கூப்பிட்டேன், கடைசியில் அவனையும் கூப்பிட்டேன், சிட்டு. எத்தனை சாவைப் பார்த்தவன் நீ, ஒன்றே ஒன்றைத் திருப்பி விடு என்று. அவன் கோபுரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் பாடே பெரிதாக இருந்தது.

பாக்கியத்திடம் அதைச் சொல்லவில்லை. கதையைச் சொன்னேன். மழையைத் திருடியது, ராசாமார் சொம்போடு நின்றது, தாய்க்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தாய் வந்ததும் திரும்பிவிட்டாள்.

"இவ்ளோ கோட்டு சூட்டு போட்டவனுக்குப் பொண்டாட்டி இல்லியா?"

இல்லை என்றேன்.

"அதான் இப்புடித் திரியிறான்."

போகும்போது, நாளைக்குப் பேப்பரை உரிக்கிறதென்றால் தன்னைக் கூப்பிடச் சொன்னாள். சுடுதண்ணி வைத்து உரிக்கலாம், கிழியாது என்றாள்.

நாளைக்குத்தான் உரிக்க வேண்டும். கோபுரப் பேப்பரின் கீழ் மூலையில் பசையோடு உன் விரல் பதிந்திருக்கிறது. பெருவிரலும் பக்கத்து விரலும். அதைத் தொடாமல் உரிக்க வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

மார்ச்சு 9, புதன்

வெயில். வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கினோம். பாக்கியம் சுடுதண்ணிக் கேத்தலைப் பிடித்தாள், நான் ஈரத்துணியை ஒற்றி ஒற்றி எடுத்தேன். முதலில் கோபுரம். மூலையில் இருந்து, மூச்சு விடாமல். உன் விரல் இருந்த இடம் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சுரண்டவில்லை. அதை அப்படியே விட்டு மற்றதை எடுத்தேன்.

திருப்பினேன்.

சவுக்காரக் கட்டி. இவ்வளவு பெரிய சவுக்காரக் கட்டி, நுரையோடு. தொட்டிக்குள் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கிறது.

தவறிப்போய் வேறு பேப்பரை ஒட்டிவிட்டாய் என்று நினைத்தேன். அதற்கு முந்தின கிழமையை உரித்தேன். சைக்கிள். அதற்கு முந்தியது, தொப்பி போட்ட துரைசாணிகள். அதற்கு முந்தியது பிஸ்கட் டின். வாசல் வரைக்கும் உரித்தோம். ஒன்றில் பந்தடிக்கிற துரைமார். ஒன்றில் பூச்செடி விதை. ஒரு பக்கத்தில் சதுரம் சதுரமாகக் கட்டம்.

பாக்கியம் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கக்கா அந்தக் கெழவி?"

நான் இன்னொன்றைத் திருப்பினேன்.

"மழத் தொட்டி? கருப்பட்டி?" அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அப்ப அந்த அட்டை?"

"அட்டை நம்ம அட்டைதான்" என்றேன்.

பாக்கியம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும். எங்கள் இரண்டு பேரைச் சுற்றியும் ஈரக் காகிதம். வெள்ளிக்கண்ணன் ஐம்பது பேர் நிற்கிறான், ஒவ்வொருத்தனுக்கும் வாயில் இருந்து வெள்ளையாக ஒரு குமிழி கிளம்பி அதற்குள் இங்கிலீஷ் எழுத்து. என்ன சொல்கிறானோ. கதவைப் பூட்டு என்கிறானோ என்னவோ.

பன்னிரண்டு கதவு ஒரே வரிசையில். நம் லயத்துக் கதவுகளை வெளியே போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தேன், தெரியாத மாதிரி. பன்னிரண்டு. கிழமைக்கு ஒரு தடவை அரை நாள் வருகிற பிள்ளை. கண்ணில் என்ன என்றால் தூசி என்பது. அன்றைக்கு ஒரு நாள் பங்களாவில் இருந்து கண் சிவந்து வந்தாயே, நான் என்னடி என்றேனே. தூசிம்மா என்றாயே.

அவன் பெரியவன் என்று இத்தனை நாள் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். சீமையில் எவனோ வரைந்தது ஒரு கோட்டும் ஒரு கண்ணும். அந்தக் கோட்டுக்குள் மழையையும் மலையையும் தாயையும் போட்டது, ஈரப் பசைக் கையோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தது. நான் பெற்றது. எனக்குப் பயமாகக்கூட இருக்கிறது. பெரிய கோயிலுக்குள் முதல் தடவை நுழைந்தபோது தலையை நிமிர்த்திக்கொண்டே நடந்து யார் மேலோ மோதினேன், அந்த மாதிரி.

பாக்கியம் போகும்போது ஒரு பேப்பரைக் கேட்டாள். நீ மழைத் தொட்டி என்று சொன்ன பேப்பர். கொடுத்தேன். தலைகீழாக ஒட்டிவிடாதே என்றேன்.

மார்ச்சு 10, வியாழன்

காலையிலேயே சுண்ணாம்பு. இரண்டு ஆள், நீளக் கம்பு, வாளி. சட்டி பானை எல்லாம் வெளியே. இருமல்.

அடுப்புக்கு மேலே ஒரு சின்னத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைச் சுரண்ட வேண்டும் என்றான் ஒருத்தன். கங்காணி பார்த்தார். என்னைப் பார்த்தார். "அத வுடுடா, அதுக்குள்ள என்னா பூச்சி இருக்கப் போவுது, மேலேயே அடி" என்றார். அடித்தார்கள். வெள்ளைக்கு அடியில் இரண்டு விரல் மேடு. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

காம்பரா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. பேச்சு எதிரொலிக்கிறது.

பேப்பர் எல்லாம் காய்ந்து பாய்க்கு அடியில். நானா தந்ததும் அதோடு.

சாயங்காலம் சுவர் காயும் வரைக்கும் வெளியே குந்தியிருந்தோம். பாக்கியம் மட்டும் இல்லை, அவள் போய் மேல் லயத்தில் இருந்தும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். முதலில் இருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். உன் மாதிரி குரல் மாற்ற வராது, ஆனாலும் ராசாமார் சொம்பு ஏந்தின இடத்தில் எல்லாரும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார்கள். கோபுரத்துக்கு வந்துவிட்டேன். கீழே தீ. பின்னால் கடல். பூட்டின கதவு.

"அப்புறம்?" என்றாள் பாக்கியம்.

தப்பிவிட்டான் என்றேன்.

"எப்புடி?"

கோட்டைக் கழற்றிக் கிழித்துக் கயிறு திரித்தான் என்று தொடங்கினேன்.

"சுருங்கவே சுருங்காத கோட்டுன்னியே, அது மட்டும் கிழியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நியாயம்தான். கடலில் குதித்தான் என்றேன். கடல் பின்னால் எவ்வளவு தூரம் என்று மேல் லயத்துக்காரி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மழைத் தொட்டியைத் திறந்துவிட்டான் என்று சொல்ல வந்தேன், அதை நீ முன்னமே மூடிவிட்டாய், சாவியை அவன் தாயிடம் கொடுத்துவிட்டாய்.

சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன். என் வாயில் இருந்து அது வந்ததும் பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று பேரும் வருவார்கள். நாளை மறுநாள். மலையில் நிற்கும்போதும் பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன், அவன் அங்கேயேதான் நிற்கிறான், கோட்டைக்கூடக் கழற்றாமல், யாரோ சொல்லட்டும் என்று.

சிட்டு, அந்தக் கோபுரத்தில் இருந்து அவன் எப்படியம்மா இறங்கினான்?